உருவகக் குறிப்பேடு: ‘குட்டி இளவரசன்’ இதுவரை

தருமபுரியில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்க எடுத்தது பிரெஞ்சு எழுத்தாளர் செந்த்-எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’. 1943-இல் வெளிவந்த நாவல். தன் சின்னஞ்சிறு கோளையும் அதில் பூத்த ரோஜாவையும் விட்டுக் கிளம்பிப் பூமிக்கு வரும் ஒரு சிறுவனின் கதை. 27 சின்ன அத்தியாயங்கள். முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடவிடக் கூடாது. கதை முடிவு தெரியாமல் அடிக்கோடு போட்டால் எல்லா வரியும் முக்கியமாகத்தான் தெரியும்.

இரண்டாம் வாசிப்பில் குறிப்பேட்டைத் திறக்கலாம். இலக்கண வகுப்புப் பழக்கத்தில் பிள்ளைகள் ‘போல’ வரும் வரிகளையும் ‘முகமலர்’ மாதிரிச் சொற்களையும் பொறுக்கி வருவார்கள். அது பயன்படாது. நாவலில் உருவகம் ஒரு சொல்லோடு முடிவதில்லை. ஒரு பொருள் திரும்பத் திரும்ப வரும், வரும்போதெல்லாம் கனம் கூடும். ரோஜா 8-ஆம் அத்தியாயத்தில் பூக்கிறது. 20-இல் ஐயாயிரம் ரோஜாக்களைப் பார்த்ததும் சாதாரணப் பூவாகிவிடுகிறது. 21-இல் நரியோடு பேசிய பிறகு அதற்கு ஈடு வேறில்லை என்றாகிறது. பூ மாறவே இல்லை, பார்ப்பவன்தான் மாறியிருக்கிறான்.

அதனால் குறிப்பேட்டில் நான்கு கட்டம் போதும்: அத்தியாயம், பொருள், அதற்கு யார் என்ன வேலை செய்கிறார், பிறகு என்ன மாறியது. மூன்று பொருளுக்கு மேல் எடுத்தால் பட்டியல்தான் நீளும். இங்கே எடுத்தவை பாவோபாப் மரம், ரோஜா, பாலைவனக் கிணறு.

பாவோபாப் எளிதாகப் பிடிபட்டது. வளரவிட்டால் இளவரசனின் சின்னக் கோளையே பிளந்துவிடும் ராட்சத மரம் அது. முளையில் அதுவும் ரோஜாச் செடியும் ஒரே மாதிரி இருக்கும், வித்தியாசம் தெரிந்த உடனே பிடுங்க வேண்டும் என்கிறான் இளவரசன் (5-ஆம் அத்தியாயம்). பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராகிக் காட்டில் ராகிப் பயிரைப் போலவே முளைக்கும் புல் ஒன்று உண்டு. களையெடுக்கும்போது பழகிய கண்தான் பிரித்தெடுக்கும்.

இந்தத் துணிச்சலில் நரி சொல்லும் கோதுமை வயலையும் ராகிக் காடாக மாற்றினால் உருவகம் உடைந்துவிடும். நரிக்குக் கோதுமையால் ஒரு பயனும் இல்லை. இளவரசனின் பொன்னிற முடியை நினைவூட்டுவதால் மட்டுமே அது இனி பொருள்படும். ராகியோ தினமும் களியாகத் தட்டில் விழுவது, கதிரும் பொன்னிறமில்லை. ‘உனக்கு ஒன்றுக்கும் உதவாத எந்தப் பொருளைப் பார்த்தால் யார் ஞாபகம் வருகிறது?’ என்று கேட்டால் சரியாக வருகிறது.

மையக்கருத்தை ஒரு சொல்லில் எழுதவிடக் கூடாது. ‘அன்பு’, ‘நட்பு’ எல்லாம் எந்த நாவலுக்கும் ஒட்டும். முழு வாக்கியம் வேண்டும், அது மூன்று பொருளுக்கும் பொருந்த வேண்டும். ‘கெட்டதை முளையிலேயே கிள்ளு’ பாவோபாபோடு நின்றுவிடும். மூன்றாவது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் வழி கிடைக்கும்: தினமும் பாவோபாப் முளை பிடுங்குகிறான், ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான், அதைக் கண்ணாடிக் கவிகையால் மூடுகிறான். 25-இல் கிணற்று நீர் இனிப்பதற்கும் காரணம் இரவெல்லாம் நடந்த நடையும் கப்பியில் இழுத்த கையும்தான். ‘விடாமல் செய்கிற வேலைதான் ஒன்றை நமக்கு உரியதாக்குகிறது’ என்ற வாக்கியம் இப்படித்தான் வந்தது. பொருளையே முறைத்துக்கொண்டிருந்தால் வந்திருக்காது.

சரிபார்க்க எதிர்ப்பக்கமும் நாவலிலேயே இருக்கிறது. 13-இல் வியாபாரி நட்சத்திரங்களை எண்ணி எண்ணித் தனதென்கிறான். அவற்றுக்காக ஒன்றும் செய்வதில்லை. ‘நான் பூவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், வாரந்தோறும் எரிமலைகளைத் துப்புரவு செய்கிறேன்’ என்று இளவரசன் பதில் சொல்கிறான். வாக்கியம் நிற்கிறது.

14-இல் வரும் விளக்கேற்றுபவன்தான் இன்னும் இடிக்கிறான். நிமிடத்துக்கொரு முறை ஏற்றி அணைக்கிறான், வேலையில் குறை இல்லை. ஆனால் கட்டளைக்காகச் செய்கிறான். இளவரசனோ அவனைத்தான் மதிக்கிறான். ‘விடாமல்’ என்ற சொல்லை மாற்றுவதா, அவனுக்குத் தனி வரி போடுவதா என்பதில் எட்டாம் வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.