‘கெட்’னா வெறும் ‘பெறு’ இல்ல

இங்கிலீஷ் பேசும்போது நம்மள்ல நிறைய பேர் ‘கெட்’டை ஒதுக்கிட்டு ரிசீவ், பிகம், ரீச், அண்டர்ஸ்டாண்ட்னு தேடிட்டு இருப்போம், ‘கெட்’னா ‘பெறு’ன்னு மட்டுமே மனசுல பதிஞ்சு போனதால வந்தது இது. அந்த பாஷையிலயே பிறந்து வளர்ந்தவங்க பேசுறத காது கொடுத்துக் கேளுங்க, இந்த நாலு பேரோட வேலையையும் ‘கெட்’ ஒண்ணே பாத்துட்டுப் போயிடும்.

என்னைக் கேட்டா ‘பெறு’வை விட்டுட்டு ‘ஆகு’ன்னு யோசிச்சாலே பாதி குழப்பம் தீந்துடும். ‘ஐ ஆம் டயர்ட்’னா டயர்டா இருக்கேன், ‘ஐ ஆம் கெட்டிங் டயர்ட்’னா டயர்டாகிட்டே வருது. ‘ஷி இஸ் மேரீட்’னா கல்யாணம் ஆனவங்க, ‘ஷி காட் மேரீட்’னா கல்யாணம் ஆச்சு. நாம இருக்குன்னும் ஆகுதுன்னும் பிரிக்கிற அதே கோடுதான்.

அதிகமா தடுக்குற இடம் வேற ஒண்ணு. கடையில கொடுத்து சரி பண்ணியிருந்தாலும் நாம ‘போனை ரிப்பேர் பண்ணிட்டேன்’னு தான் சொல்லுவோம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அதையே ‘ஐ ரிப்பேர்ட் மை போன்’னு சொன்னா நீங்களே ஸ்க்ரூ கழட்டி உக்காந்து பண்ண மாதிரி ஆயிடும். ஆள் வச்சு பண்ணா ‘ஐ காட் மை போன் ரிப்பேர்ட்’. பொருள் நடுவுல வரணும், ‘காட் ரிப்பேர்ட் மை போன்’னு மாத்திப் போட்டா நிக்காது. ஆளைச் சொல்லணும்னா ‘ஐ காட் ஹிம் டு ரிப்பேர் இட்’, இதுல ‘டு’ கண்டிப்பா வேணும், ‘மேக்’ போட்டா ‘டு’ வராது. அர்த்தமும் மாறும், ‘மேக்’ல ஒரு கட்டாயம் இருக்கு, ‘கெட்’ல பேசி சம்மதிக்க வச்ச மாதிரி இருக்கும்.

அப்புறம் ‘ஐ காட் டு மீட் ஹெர்’னா அவங்களப் பாக்க சான்ஸ் கிடைச்சுது. ‘ஐ ஹேவ் காட் டு மீட் ஹெர்’னா பாத்தே ஆகணும். பேச்சு வேகத்துல அந்த ‘ஹேவ்’ கரைஞ்சு போயிடும், அப்போ முன்ன பின்ன என்ன பேசுனாங்கன்னு வச்சுதான் பிடிக்கணும். ‘காட்டா’ன்னு சேத்து சொன்னாங்கன்னா பெரும்பாலும் கட்டாயம்தான்.

‘கெட்’ங்கிற இந்த வார்த்தை இங்கிலாந்துக்கு ஸ்காண்டிநேவியால இருந்து வந்து குடியேறினவங்களோட பழைய நார்ஸ் பாஷை வழியா வந்தது. ‘ஃபர்கெட்’ல ஒட்டிட்டு இருக்கிறதும் இதே வேர்தான். ‘ஹேவ்’ கூட ‘காட்’டுக்குப் பதிலா வர்ற ‘காட்டன்’ (gotten)ங்கிற பழைய வடிவம் பிரிட்டன்ல பெரும்பாலும் வழக்கொழிஞ்சு போச்சு, அமெரிக்கால நல்லா ஓடிட்டு இருக்கு. அதுக்காக அவங்க எல்லா இடத்துலயும் அதைப் போடுறது இல்ல, ‘ஐ ஹேவ் காட் எ கார்’னா அவங்களுக்கும் கார் இருக்குன்னுதான், ‘ஐ ஹேவ் காட்டன் எ கார்’னா கார் புதுசா கைக்கு வந்திருக்குன்னு அர்த்தம்.