மொழி தெரியாத ஊரில் ரயில் மாறுவது

விமானம் பயணியைத் தேடும், ரயில் தேடாது. தொழிற்சாலை இயந்திரங்களை நிறுவுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. இயந்திரம் எந்த நாட்டுக்கு விற்கப்படுகிறதோ அந்த நாட்டுக்கு அதன் பின்னாலேயே நானும் போகவேண்டும். அங்கே பேசும் மொழி எனக்குத் தெரியுமா என்று யாரும் கேட்டு அனுப்புவதில்லை. அப்படிப் பல வருடங்கள் போய்வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட உண்மைதான் முதல் வரியில் சொன்னது.

புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்கள் விமானத்தைப் பற்றித்தான் நிறையக் கேட்கிறார்கள். எந்த வாசல், எந்த முனையம், குடியேற்ற அதிகாரி என்ன கேட்பார் என்று. ரயிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் தொழிற்சாலைகள் விமான நிலையத்தின் அருகில் இருப்பது அபூர்வம். இறங்கிய பிறகு இரண்டு மூன்று ரயில் மாறிப் போகவேண்டிய சிற்றூர்களில்தான் அவை இருக்கின்றன. மொழி தெரியாதவருக்கு உண்மையான பயணம் அங்கேதான் தொடங்குகிறது.

விமான நிலையத்தில் நம் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறது. நேரத்துக்கு வந்து சேராவிட்டால் பெயர் சொல்லி அழைப்பார்கள். அப்படியும் வராவிட்டால் சரக்கறையிலிருந்து நம் பெட்டியைத் தேடி இறக்கும் வேலை அவர்களுக்கு இருக்கிறது. அதனால் நாம் எங்கே என்பதில் அவர்களுக்கும் அக்கறை உண்டு. வழிகாட்டிப் பலகைகளும் எழுத்தை நம்பி நிற்பதில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு வரும் வெளிநாட்டவர் பெரும்பாலோர் ஜப்பானிய எழுத்தைப் படிக்க மாட்டார்கள் என்பதால், அங்கிருந்த வடிவமைப்பாளர்கள் படக்குறிகளை ஒரு முழுத் தொகுப்பாகவே வரைந்தார்கள். 1974இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக 34 குறிகள் உருவாயின. 1979இல் அவை 50 ஆயின. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விடப்பட்டதால் அவை உலகெங்கும் பரவின. பெட்டி எடுக்கும் இடம், சுங்கம், கழிப்பறை என எந்த நாட்டிலும் படத்தைப் பார்த்தே போய்விடலாம். என்னைப் போன்றவர்களை நினைத்து யாரோ உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நன்றி பெருகும்.

விமானத்தில் நான் கவனமாகப் பார்ப்பது நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை மட்டும்தான். ஷாங்காயின் இரண்டு விமான நிலையங்களில் புதோங் என்பது நகரத்தின் கிழக்கில் இருக்கிறது, ஹோங்சியாவ் மேற்கில். ஒன்றுக்குப் பிவிஜி, மற்றதற்கு எஸ்ஹெச்ஏ. அதிவேக ரயில் நிலையம் ஹோங்சியாவ் பக்கம். புதோங்கில் இறங்கியவர் ரயிலைப் பிடிக்க நகரத்தை முழுவதும் குறுக்கே கடக்கவேண்டும். இரண்டு விமான நிலையங்களையும் மெட்ரோவின் இரண்டாம் வழித்தடம் இணைக்கிறது என்றாலும், அதற்கான நேரத்தைப் பயணச்சீட்டு வாங்கும் முன்பே ஒதுக்கியிருக்க வேண்டும்.

இனி ரயில். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை ரயிலுக்கும் மொழி தேவையில்லை, எண் போதும். ஜெர்மனியில் புறப்பாட்டு அட்டவணை மஞ்சள் தாளில் ஒட்டியிருக்கும்; நிறத்தைப் பார்த்தே சரியான தாளின் முன் போய் நிற்கலாம். நீண்ட நடைமேடைகளை ஏ, பி, சி என்று பிரித்திருப்பார்கள். நம் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்பதைப் படமே காட்டும். டோக்கியோ மெட்ரோ 2004இல் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் கொடுத்தது. எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே சரியான திசையில் போகிறோமா என்பது தெரிந்துவிடும். ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்சென்னில் டோக்கியோவை விட்டு விலகும் ரயில்களுக்கு ஒற்றைப்படை எண், டோக்கியோவை நோக்கி வருபவற்றுக்கு இரட்டைப்படை எண். இது தெரிந்த பிறகு நடைமேடையில் நிற்கும்போது எனக்கு எந்தப் பதற்றமும் இல்லை.

ஆனால் ரயிலின் பெயரையும் பார்க்கவேண்டும். ஹமமாட்சு பக்கம் தொழிற்சாலைகள் அதிகம். அங்கே ஹிகாரி என்ற ரயில்களில் சிலவும் கொதாமா என்ற ரயில்கள் எல்லாமும் நிற்கும். நோசோமி நிற்காது, ஷின்-யோகோஹாமாவை விட்டால் அதற்கு அடுத்த நிறுத்தம் நகோயாதான். நோசோமியில் ஏறியவர் தான் இறங்கவேண்டிய நிலையத்தை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு கடந்து போவார்.

சிக்கல் எல்லாம் மாற்றத்தில்தான். நடைமேடை மாறும்போதும், ரயில் பாதியில் நிற்கும்போதும், பெட்டிகள் வரிசை மாறி வரும்போதும் அந்தச் செய்தி முதலில் ஒலிபெருக்கியில்தான் வருகிறது. பலகையில் ஏறச் சில நிமிடங்கள் ஆகும். சில சிறிய நிலையங்களில் ஏறுவதே இல்லை. பதிவுசெய்து வைத்த அறிவிப்பு ஆங்கிலத்திலும் வரும். நடத்துநர் தானாகப் பேசுவது பெரும்பாலும் உள்ளூர் மொழியில் மட்டும். எது அவசரமோ அதுவே நமக்குப் புரியாத மொழியில் வருகிறது. ஆகவே பயணத்துக்கு முந்தைய இரவு நான் செய்யும் தயாரிப்பு முழுவதும் இந்த ஒரு கட்டத்துக்காகத்தான்.

நான் போய்வந்த நாட்களில், பெர்லினிலிருந்து மேற்கே போகும் சில ஐசிஇ ரயில்கள், அதாவது ஜெர்மனியின் அதிவேக ரயில்கள், ஹாம் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வுப்பர்டால் வழியாகக் கொலோன் போகும். மறுபாதி டோர்ட்முண்ட், எசன் வழியாக டுசெல்டார்ஃப் பக்கம் போகும். ஒருமுறை வுப்பர்டால் போய்க்கொண்டிருந்தேன். ஹாம் வருவதற்கு முன் நடத்துநர் நீளமாக ஏதோ சொன்னார். என் பெட்டியில் சிலர் எழுந்து பைகளை இறக்கத் தொடங்கினார்கள், சிலர் அசையவில்லை. எதிரே இருந்த மூதாட்டியிடம் என் டிக்கெட்டை நீட்டினேன். அவர் பெட்டி எண்ணைப் படித்தார், தலைக்கு மேலிருந்த எண்ணைப் பார்த்தார், உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அசைத்தார். உட்கார்ந்திரு என்கிறார் என்பது புரிந்தது. எழுந்தவர்கள் தவறான பாதியில் ஏறியிருந்தவர்கள் என்று பின்னால் புரிந்தது.

அந்த மூதாட்டியிடம் நான் எதையும் கேட்கவில்லை, காட்டினேன். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லி, இந்த ரயில் போகுமா என்ற தொனியில் கேட்டால் பலர் ஆம் என்று தலையசைத்துவிடுவார்கள். சிலர் மரியாதைக்காக, சிலர் நம் உச்சரிப்பில் வேறு ஏதோ கேட்டதால். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியே கூடாது. ஒரு தாளில் ரயில் எண்ணையும் புறப்படும் நேரத்தையும் இருபத்து நான்கு மணிக் கணக்கில் எழுதி, இறங்கும் ஊரை உள்ளூர் எழுத்தில் எழுதி, நடைமேடைக்கு நேரே ஒரு வெற்றுக் கட்டம் விட்டுப் பேனாவோடு நீட்டவேண்டும். பெரும்பாலோர் பேனாவை வாங்கி எண்ணை எழுதிவிடுவார்கள். தெரியாதவர் கையை விரித்துவிட்டுத் தெரிந்தவரைத் தேடுவார். எந்த ஊரிலும் அப்படித் தேடித் தந்திருக்கிறார்கள். மனிதர்களுக்கு உதவ விருப்பம் இருக்கிறது. உதவுவது எப்படி என்பதை நாம் எளிதாக்கித் தரவேண்டும்.

விரலால் எண் காட்டுவதை நம்பக்கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீட்டினால் ஜெர்மானியருக்கு இரண்டு, சீனருக்கு எட்டு. இரண்டாம் நடைமேடைக்கும் எட்டாம் நடைமேடைக்கும் இடையே ஓடுவது சிறிய விஷயம் அல்ல. எழுதிய எண்ணிலும் கவனம் வேண்டும்: ஐரோப்பாவில் கையால் எழுதும் ஒன்றுக்கு மேலே நீண்ட கொக்கி இருக்கும், பார்க்க ஏழு போலத் தோன்றும். அவர்களுடைய ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு உண்டு. கோடு இல்லையென்றால் ஒன்று என்று கொள்ளலாம்.

கைப்பேசி இருக்கிறதே என்பார்கள். பலகையைப் படிக்கவும் சீட்டைப் படிக்கவும் அதன் கேமரா மிகவும் உதவுகிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இரைச்சலான நிலையத்தில், ஒலிபெருக்கியின் எதிரொலியில் அது எதையும் சரியாகக் கேட்பதில்லை. நமக்குத் தேவைப்படும் அதே இடத்தில் கைவிடுகிறது. சீனாவில் கூகுள் வரைபடத்தை நம்பிப் போகவும் முடியாது, அந்தச் சேவைகள் அங்கே முடக்கப்பட்டிருக்கின்றன. அதனால் தாள்தான் என் முதல் துணை.

அந்தத் தாளில் ஊர்ப் பெயரை எழுதுவதிலேயே நேரம் செலவிடவேண்டிய நாடுகள் உண்டு. பெல்ஜியத்தில் ரயில் எந்த மொழிப் பகுதியில் ஓடுகிறதோ அந்த மொழிப் பெயரே பலகையில் வரும். நெசவு இயந்திர வேலையாகக் கோர்ட்ரைக் போனவர் அங்கிருந்து பிரான்சின் லீலுக்குப் போகவேண்டுமானால், பலகையில் ரைசெல் என்றிருக்கும் ரயிலில் ஏறவேண்டும். லியேஜ் லைக் ஆகும், மோன்ஸ் பெர்ஹென் ஆகும். இரண்டு பெயரையும் எழுதிக்கொள்வது தவிர வேறு வழி இல்லை.

சீனாவில் திசையை வைத்து நிலையங்கள் பிரிகின்றன. சுஜோ ஒரு நிலையம், சுஜோ பெய், அதாவது வடக்கு சுஜோ, வேறு நிலையம். பெய்ஜிங்-ஷாங்காய் அதிவேகப் பாதை வடக்கே இருக்கும் பின்னதன் வழியாகப் போகிறது. கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்ற நான்கு சீன எழுத்துகளின் வடிவத்தை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டேன். வேறு எழுத்து ஒன்றும் தெரியாமலே அந்நாட்டில் வேலை பார்த்தேன். அங்கே டிக்கெட் பயணியின் பாஸ்போர்ட்டோடு இணைந்தது. நிலையத்துக்குள் நுழையவே பாதுகாப்புச் சோதனை உண்டு, ரயில் புறப்படச் சில நிமிடங்கள் முன்பே நடைமேடைக் கதவை அடைத்துவிடுவார்கள். விமானத்துக்குப் போவதைப் போலவே நேரம் வைத்துப் போகவேண்டும்.

அலுவலகங்களில் பயண ஏற்பாடு செய்பவர்களிடம் எனக்குத் தீராத மனக்குறை ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் எட்டு நிமிட இடைவெளியில் ரயில் மாறும்படி டிக்கெட் போடுவார்கள். இணையதளம் அதை அனுமதிக்கிறது, விலையும் குறைவு. உள்ளூர்க்காரர் எட்டு நிமிடத்தில் மாறிவிடுவார். நடைமேடை மாறினால் காதால் கேட்டுத் திரும்பிவிடுவார். பலகையைப் பார்த்து, ஆளைத் தேடி, தாளை நீட்டிப் பதில் வாங்கவேண்டியவருக்கு அரை மணி நேரமாவது வேண்டும். கருவிப் பெட்டியும் கையில் இருக்கும். அன்றைய கடைசி ரயிலில் இடம் பிடித்துத் தருவது இன்னும் மோசம். சிற்றூர்ப் பாதைகளில் கடைசி ரயில் தவறினால் இரவு நிலையத்தில்தான். கடைசிக்கு முந்தைய ரயிலைப் போடுங்கள் என்று கேட்பது ஒரு ஊழியரின் சொகுசு அல்ல. மறுநாள் காலையில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் அருகே நிற்கப்போகிறவர் தூங்கியிருக்க வேண்டும்.

தாமதம் ஆனபோது அதை விளக்கவும் மொழி வேண்டுமே என்ற கவலை எனக்கு இருந்தது. ஜப்பானில் ஒரு மழைநாளில் உள்ளூர் ரயில் நெடுநேரம் நின்றுவிட்டது. நிலைய ஊழியர் வெள்ளைப் பலகையில் எழுதியதில் நேரம் மட்டுமே எனக்குப் படிக்க முடிந்தது. இறங்கும் நிலையத்தில் எல்லோரும் வாயிலருகே வரிசையாக நின்று ஆளுக்கொரு சிறு சீட்டு வாங்கினார்கள். நானும் நின்று வாங்கினேன். ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்று ரயில்வேயே தேதியிட்டுத் தரும் சான்று அது. தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளரிடம் கொடுத்தபோது அவர் அதைப் படித்து, தலை வணங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். சோதனை ஓட்டத்துக்கு வந்திருந்தவர்களைப் பிற்பகலில் வரச் சொல்லியிருந்தார். நான் கருவிப் பெட்டியைத் திறந்து வேலையைத் தொடங்கினேன்.