தங்கத்தைப் பற்றும் கந்தகம்
கரைசலில் மிதக்கும் வினையூக்கி மூலக்கூறுகளில் மின்முனையை ஒட்டியிருக்கும் மிகச் சிலவே ஒரு நேரத்தில் வேலை செய்கின்றன என்பதால்தான், அவற்றை உலோகப் பரப்பிலேயே பிணைத்துவிட முனைகிறோம். எத்தனாலில் கழுவிய தங்கத் தகட்டை நீண்ட சங்கிலித் தயால் (ஒரு முனையில் தங்கத்தைப் பற்றும் கந்தகம் கொண்ட கரிம மூலக்கூறு) கரைசலில் ஓரிரவு ஊறவைத்து எடுத்தபின், முன்பு பரவிக் கிடந்த நீர்த்துளி முத்தாகத் திரள்வதைக் காண்பது இன்றும் எனக்குப் பரவசம்தான். அச்சங்கிலியின் மறு நுனியில் கோபால்ட் போர்ஃபிரினை (நடுவில் கோபால்ட் அணு அமர்ந்த வளைய மூலக்கூறான வினையூக்கி) இணைத்தால் ஆக்சிஜனை ஒடுக்கும், அதாவது அதற்கு எலக்ட்ரான்களைக் கொடுக்கும், மின்முனை கிடைக்கிறது.

ஆனால், மின்னழுத்தம் மிகவும் எதிர்மறையாகும்போது தங்கத்துக்கும் கந்தகத்துக்கும் இடையிலான பிணைப்பு அறுந்து, அரும்பாடுபட்டு ஒட்டிய வினையூக்கி கரைசலோடு போய்விடுகிறது. கார்பன் டைஆக்சைடு ஒடுக்கத்துக்கு வேண்டியதும் பெரும்பாலும் அதே எதிர்மறை மின்னழுத்தப் பகுதிதான். கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் கிரடனின் குழு 2014-இல் கந்தகத்துக்குப் பதிலாகக் கார்பீன்களை (கார்பன் அணு வழியே உலோகத்தைப் பற்றும் மூலக்கூறுகள்) கொண்டு அமைத்த அடுக்கு, கொதிநீரில் 24 மணி நேரம் தாங்கியது.