சிமி: கடற்பஞ்சு கட்டிய ஊர்

கிரேக்க நாட்டின் சிறு தீவான சிமியின் துறைமுகத்துக்குள் படகு திரும்பும்போது கிடைக்கும் காட்சிக்காகவே பலர் ரோட்ஸ் தீவிலிருந்து வந்து, சாயங்காலமே திரும்பிவிடுகிறார்கள். மஞ்சள், காவி, வெளிர்நீலம் என்று மலைச்சரிவு முழுக்க அடுக்கடுக்காக வீடுகள். முகப்பில் பழைய கிரேக்கக் கோயில்களைப் போல முக்கோணம். கொள்ளை அழகுதான். ஆனால் இந்த மொட்டைப் பாறையில் இத்தனை பெரிய வீடுகள் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போனால் சிமியைப் பார்த்ததாகவே சொல்ல மாட்டேன்.

கூட வந்த அம்மாவுக்கு வேறு கேள்வி. "ஏண்டா, ஒரு ஆறு குளம் கண்ல படலையே, தண்ணிக்கு என்ன பண்றாங்க?" நல்ல கேள்வி. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் பிழைத்திருக்கிறார்கள். அப்புறம் கப்பலில் தண்ணீர் வந்தது. இப்போது கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். நாங்கள் தங்கிய வீட்டு முற்றத்தில் கறுப்பு வெள்ளைக் கூழாங்கல் பதித்த தரையின் நடுவே ஓர் இரும்பு மூடி இருந்தது. தூக்கினால் உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளைநிலம் இல்லாத ஊர், கடலுக்குள் இறங்கியது. தட்டையான கல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் கனத்தில் மூச்சடக்கி அடிக்குப் போய், கடற்பஞ்சைப் பறித்து (கடலடியில் ஒட்டி வாழும் உயிரினம், காய்ந்தால் தேய்த்துக் குளிக்கும் பஞ்சு), கயிற்றோடு மேலே வருவார்கள். 1860-களில் காற்றுக்குழாயும் தலைக்கவசமும் உள்ள உடை வந்தது. இன்னும் ஆழத்தில், இன்னும் நெடுநேரம் வேலை பார்க்க முடிந்தது, வியாபாரம் கொழித்தது. ஆனால் ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலேறினால் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாகிவிடும். அது தெரியாமல் இறங்கிய இளைஞர்கள் பலர் கைகால் விளங்காமல் கரை சேர்ந்தார்கள். சேராதவர்களும் பலர்.

1900-இல் சிமியின் படகு ஒன்று புயலுக்கு ஒதுங்கி ஆண்டிகித்தேரா தீவருகே நின்றது. அங்கே முங்கிய எலியாஸ் ஸ்டாடியாடிஸ், கடலடியில் பிணங்கள் கிடப்பதாகப் பதறி மேலே வந்தார். அவர் பார்த்தது, பழங்காலத்தில் மூழ்கிப்போன ஒரு கப்பலின் சிலைகளை! படகின் தலைவர் திமித்ரியோஸ் கொண்டோஸ் தானே இறங்கி ஒரு வெண்கலக் கையோடு வந்தார். வானில் கோள்களின் போக்கைக் கணித்த புகழ்பெற்ற பழங்காலப் பல்சக்கரப் பொறியான 'ஆண்டிகித்தேரா பொறி' கிடைத்தது இந்தக் கப்பலில்தான். பொறி ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே கப்பலிலிருந்து பொருள்களை எடுக்கும்போது ஒருவர் இறந்தார், இருவர் முடமானார்கள். இதைத்தான் எல்லோரும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

துறைமுகத்திலிருந்து மேலூருக்கு ஏறும் 'காலி ஸ்ட்ராட்டா' படிக்கட்டு சுமார் 500 படி. அம்மாவின் முழங்காலுக்காக நின்று நின்று ஏறினோம். அதனால்தான் பாழடைந்த வீடுகளைச் சரியாகப் பார்க்க முடிந்தது: கூரை இல்லை, நிலைவாசல் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது, உள்ளே அத்திமரம். 1912-இல் இத்தாலி தீவைப் பிடித்தது, வியாபாரம் நொடித்தது, பிறகு செயற்கைப் பஞ்சும் வந்துவிட்டது. சிமிக்காரர்கள் பலர் புளோரிடாவின் டார்ப்பன் ஸ்பிரிங்ஸுக்குப் போய் அங்கேயும் பஞ்சுதான் எடுத்தார்கள். ஒரு காலத்தில் 20,000 பேருக்கு மேல் வாழ்ந்த தீவில் இன்று 3,000 பேர்கூட இல்லை.

போகிறவர்கள் ஓர் இரவாவது தங்குங்கள். பஞ்சு வாங்கினால் பளிச்சென்ற மஞ்சள் வேண்டாம். அது வெளுக்கப்பட்டது, சீக்கிரம் பிய்ந்துவிடும். பழுப்பு நிறமே கேளுங்கள். அம்மா இரண்டையும் நனைத்துப் பிழிந்து பார்த்துவிட்டுப் பழுப்பைத்தான் எடுத்தார்.