மணிக்கூடு பிழைத்தால்

கொக்குவிலில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். சார்பு வேகம் என்றதும் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு கப்பல் இன்னொன்றை இடைமறிக்கும் கணக்கு வந்தால், “முதலில் இலக்கை நிறுத்துங்கள்” என்பேன். இலக்கின் வேகத்தை எதிர்த்திசையில் இரண்டு கப்பல்களுக்கும் கொடுத்தால் இலக்கு நின்றுவிடும். மற்றதன் சார்பு வேகம் நேரே அதை நோக்கியிருந்தால் இரண்டும் சந்திக்கும். இடைமறிக்கும் ஏவுகணையும் இந்தக் கணக்கைத்தான் செய்கிறது.

அது இலக்கின் வாலைத் துரத்துவதில்லை. தன்னையும் இலக்கையும் இணைக்கும் பார்வைக் கோட்டைக் கவனிக்கிறது. தூரம் குறையக் குறையக் கோட்டின் திசை மாறாதிருந்தால் மோதல் நிச்சயம். கோடு திரும்பினால், திரும்பும் வீதத்தை நெருங்கும் வேகத்தால் பெருக்கி, அதன் 3 முதல் 5 மடங்கு ஆர்முடுகலுடன் பக்கவாட்டில் வளைகிறது. காற்று அடர்ந்த இடத்தில் செட்டைகள் வளைக்கும். காற்றில்லாத உயரத்தில் பக்கவாட்டுச் சிறு ராக்கெட்டுகள்.

எவ்வளவு அழகான விதி! ஆனால் ராடர் இலக்கைச் சரியான இடத்தில் தேடினால்தான் இதெல்லாம் தொடங்கும்.

1991 பெப்ரவரி 25, வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரானில், வரும் ஏவுகணைகளை இடைமறிக்கும் அமெரிக்காவின் பேட்ரியட் தொகுதி ஒன்று சுமார் 100 மணித்தியாலம் நிறுத்தாமல் இயங்கியிருந்தது. அதன் மணிக்கூடு நேரத்தைப் பத்திலொரு செக்கனாக எண்ணியது. 1/10ஐத் துவித எண்ணில் எழுதினால் முடிவில்லாமல் நீளும். கணினி அதை 24 பிட்டில் வெட்டியது. வெட்டியது துளிதான். 100 மணித்தியாலத்தில் அது 0.34 செக்கனாகிவிட்டது. அந்த இடைவெளியில் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கு மேல் கடந்துவிடும். ராடர் வெறும் வானத்தைத் தேடியது. எதிர் ஏவுகணை புறப்படவேயில்லை. ஸ்கட் விழுந்து 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள்.

பதுங்குகுழிக்குள் இருந்து வானத்துக்குக் காது கொடுத்த ஊர் எங்களுடையது. இதை வெறும் வழுக் கணக்காகச் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. இரண்டு கிழமைக்கு முன்பே, 8 மணித்தியாலம் தொடர்ந்து இயங்கினாலே தேடும் இடம் விலகுகிறது என்று, பேட்ரியட்டைப் பயன்படுத்திய இஸ்ரேலியர்கள் தெரிவித்திருந்தார்கள். தொகுதியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் பிழை பூச்சியமாகிவிடும். 21ஆம் திகதி பேட்ரியட்டை இயக்குவோருக்குப் போன அறிவுறுத்தலோ, மிக நீண்ட நேரம் இயக்கினால் விலகல் வரும் என்று மட்டும் சொன்னது. எத்தனை மணித்தியாலம் என்ற ஓர் எண்ணை அதில் எழுத யாருக்கும் தோன்றவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திருத்திய மென்பொருள் 26ஆம் திகதி தஹ்ரானுக்குப் போய்ச் சேர்ந்தது.