பி1 விளக்கு: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 2, செவ்வாய்

கிளை அலுவலகத்தின் டெலிபோன் பில்லை மேனேஜர் என் மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பக்கம் பக்கமாக ஒரே எண். எங்கள் தலைமை அலுவலக எண். ஞாயிற்றுக்கிழமை அழைப்பு, விடுமுறை நாள் அழைப்பு, அதிகாலை மூன்று மணி அழைப்பு. பூட்டிக் கிடக்கும் கட்டடத்திலிருந்து யார் எங்களை இத்தனை தடவை கூப்பிடுகிறார்கள்?

மார்ச் 3, புதன்

ராத்திரி தலைமை அலுவலகத்திலேயே உட்கார்ந்து, கிளையோடு ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் டெலிபோன்) லைனில் இணைக்கும் ரூட்டரின் பி1 விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லைனின் முதல் சேனலில் அழைப்பு இருந்தால் எரியும் விளக்கு அது. எரியும், இரண்டு நிமிடம் நிற்கும், அணையும், மறுபடி எரியும். அந்த இரண்டு நிமிடத்துக்குக் காரணம் தெரியும். 120 விநாடி சும்மா இருந்தால் லைனை விட்டுவிடு என்று செட்டிங்கிலேயே இருக்கிறது. எரிவது ஏன் என்பதுதான் தெரியவில்லை.

கிளை ரூட்டருக்குள் இங்கிருந்தே நுழைய டெல்நெட் போட்டுப் பார்க்கலாம் என்றால், நான் போடும் டெல்நெட்டே லைனை எழுப்பிவிடும். ரூட்டர் எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்பை, அதாவது லாக்கை, இங்கே அனுப்பச் சொன்னாலும் அதே கதைதான். ஏன் எழுந்தேன் என்று சொல்வதற்காகவே எழுந்திருக்கும். நேரில் போய் கன்சோல் கேபிளைச் செருகினால்தான் ஆகும்.

மார்ச் 4, வியாழன்

கிளை மாறப்போகும் புதுக் கட்டடத்து லைன் பற்றி இன்றும் பதில் இல்லை.

மார்ச் 5, வெள்ளி

கிளைக்குப் போய்ப் பார்த்தாயிற்று. பிரிட்ஜிங்!

எனக்கு முன்னால் இருந்தவர், முகவரி பார்த்து அனுப்பும் ரூட்டிங்கோடு, இரண்டு அலுவலக வலையையும் ஒரே வலைபோல ஒட்டிவிடும் பிரிட்ஜிங்கையும் திறந்துவிட்டிருக்கிறார். அவர் ஏன் செய்தார் என்பதும் புரிகிறது. கிளையில் இருக்கும் விண்டோஸ் பிசிக்கள் எல்லாம் நெட்பூயி என்ற நெறிமுறையில் பேசுகின்றன. அதில் நெட்வொர்க் முகவரி என்ற ஒன்றே கிடையாது, ஆகவே ரூட் செய்ய வழியில்லை. இங்கிருக்கும் சர்வரை அங்கே காட்ட பிரிட்ஜ் ஒன்றுதான் குறுக்குவழி. ஆனால் பிரிட்ஜைத் திறந்தால் பிராட்காஸ்டும் கூடவே போகும். ஒவ்வொரு பிசியும் 12 நிமிடத்துக்கு ஒருமுறை "நான் இங்கே இருக்கிறேன்" என்று வலை முழுக்கக் கூவுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் கூவினாலாவது பரவாயில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். ஒவ்வொரு கூவலுக்கும் நாங்கள் ஒரு போன் கால் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மோடமாக இருந்திருந்தால் அது கத்துகிற கத்தலிலேயே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். ஐஎஸ்டிஎன் ஓரிரு விநாடியில் சத்தமே இல்லாமல் இணைந்துவிடும். இதை ஒரு பெருமையாகச் சொல்லித்தான் எங்களுக்கு விற்றார்கள்.

மார்ச் 6, சனி

புதுக் கட்டடம் எக்ஸ்சேஞ்சிலிருந்து எவ்வளவு தூரம்? இன்று வரைபடத்தில் நூல் வைத்து அளந்தேன். நேர்கோட்டில் நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வருகிறது. கேபிள் எந்த ஊரிலும் நேர்கோட்டில் போனதில்லை.

ஒரு ஜோடிச் செப்புக் கம்பியில் இந்தச் சிக்னல் சுமாராக ஐந்தரை கிலோமீட்டர் தாங்கும். அதுவும் சுத்தமான கம்பியாக இருந்தால். நீளமான பேச்சு லைன்களில் லோடிங் காயில் என்ற கம்பிச் சுருள் போட்டிருப்பார்கள். அதனால் குரல் நன்றாகக் கேட்கும், ஆனால் குரலுக்கு மேலே உள்ள அலைவரிசை செத்துவிடும். எங்கள் பிழைப்பு ஓடுவதே அந்த மேலே உள்ளதில்தான். விநாடிக்கு 80,000 குறியீடுகள், ஒவ்வொன்றிலும் 2 பிட், ஆக 160 கிலோபிட். அதில் தரவு போகும் இரண்டு பி சேனலுக்குத் தலா 64, அழைப்பை ஏற்படுத்தும் டி சேனலுக்கு 16, மிச்சமிருக்கும் 16 லைனைப் பராமரிக்க. நடுவில் ஒரே ஒரு காயில் இருந்தாலும் இத்தனையும் போச்சு. எங்காவது பழைய இணைப்பை அறுக்காமல் தொங்கவிட்டிருந்தால் அதிலிருந்து எதிரொலி வேறு வரும்.

31ஆம் தேதி கிளை இடம் மாறுகிறது. நாற்காலி மேஜைக்கு லாரி பேசிவிட்டார்கள். லைனைப் பற்றி நினைப்பது நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

மார்ச் 8, திங்கள்

பிரிட்ஜிங்கை எடுத்தாயிற்று. கிளை பிசிக்கள் எல்லாவற்றிலும் ரூட் செய்யக்கூடிய டிசிபி/ஐபி போட்டு, சர்வர் பெயரும் முகவரியும் ஒவ்வொன்றிலும் ஒரு ஃபைலில் எழுதி வைத்தேன். இடுப்பு போய்விட்டது. டயல் செய்யத் தகுதியான பாக்கெட் எது என்று ஒரு பட்டியல் எழுதி, விண்டோஸ் பிசிக்கள் கூவும் 137, 138 போர்ட்டுகளை அதிலிருந்து விலக்கினேன். ரிப் பக்கமே போகாமல், வழியை நாமே எழுதி வைக்கும் ஸ்டாட்டிக் ரூட். முப்பது விநாடிக்கு ஒருமுறை வழி சொல்லும் நெறிமுறையை 120 விநாடி டைமர் உள்ள லைனில் விட்டால் லைன் எப்போது கீழே வரும்?

எட்டு மணிக்கு விளக்கு அணைந்தது. ஒன்பதரை வரை எரியவில்லை. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

மார்ச் 9, செவ்வாய்

லாக்கில் லைன் எழுந்த நேரங்கள்: 9:52, 11:52, 1:52, 3:52, 5:52, 7:52.

மார்ச் 10, புதன்

8:17, 10:17, 12:17, 2:17, 4:17, 6:17. நிமிடம் மாறிவிட்டது. ஆனால் ராத்திரி முழுக்க அதே நிமிடம்தான்.

மார்ச் 12, வெள்ளி

இரண்டாவது சேனலைப் பற்றி இன்று ஒரு சண்டை. ஒரு பி சேனல் நிரம்பினால் இன்னொன்றைக் கூப்பிட்டு, பாக்கெட்டை வெட்டி, வரிசை எண் போட்டு இரண்டிலும் அனுப்பி, மறுமுனையில் ஒட்டிக்கொள்வது மல்டிலிங்க். 1996இல் வந்த ஆர்எஃப்சி 1990 என்ற இணையத் தர ஆவணத்தில் இருக்கிறது. அருமையான ஏற்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாவது சேனல் என்பது இரண்டாவது போன் கால். முதல் சேனல் எவ்வளவு நிரம்பினால் அது எழ வேண்டும் என்ற அளவை முன்னவர் 255க்கு 30 என்று வைத்திருக்கிறார். ஒருவர் ஒரு பக்கம் பிரிண்ட் கொடுத்தாலே போதும், பி2வும் எரிந்துவிடும். 200க்கு ஏற்றினேன். மதியமே கிளையிலிருந்து போன்: "சார், நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே." வேகமும் வேண்டும், பில்லும் குறைய வேண்டும். 128 கிலோபிட்டில் எதைத்தான் கொடுப்பது?

புதுக் கட்டடம்: "அடுத்த வாரம் ஆள் வருவார்."

மார்ச் 15, திங்கள்

6:40, 8:40, 10:40. தூக்கத்தில்கூட இரண்டு இரண்டாகக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 16, செவ்வாய்

புதுக் கட்டடத்துக்கு வைத்திருக்கும் ரூட்டரைச் சோதிக்கலாம் என்று பார்த்தால், ஐஎஸ்டிஎன்னில் இரண்டு ரூட்டரை ஒரு கேபிளால் நேராக இணைக்க முடியாது. நடுவில் எக்ஸ்சேஞ்ச் இருந்தே ஆக வேண்டும். டயல் டோன் கொடுக்க ஆளில்லாத போனால் என்ன பயன்? இங்கிருக்கும் இரண்டு லைனில் போட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கூப்பிட்டேன். இணையும், உடனே அறுந்துவிடும். திரும்ப இணையும், திரும்ப அறுந்துவிடும். ஒவ்வொரு முறையும் காரணக் குறியீடு 16: வழக்கமான துண்டிப்பு. எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை எல்லாம் மங்களம்.

ரூட்டர்கள் ஒன்றையொன்று அடையாளம் சரிபார்க்கும் சேப்தான் காரணம். அதில் கடவுச்சொல் லைனில் போகாது. ஒரு பக்கம் கேள்வி எண்ணை அனுப்பும், மறுபக்கம் அதைக் கடவுச்சொல்லோடு சேர்த்து எம்டி5 என்ற கணக்கைப் போட்டுத் திருப்பும். பெயர் ஒரு எழுத்து மாறினாலும் ஆள் யாரென்றே தெரியாது என்று கைவிரித்துவிடும். பழைய ஃபைலில் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, புதிய ரூட்டரில் சிறிய எழுத்து. திருத்தியதும் ஓடியது. இந்த அறுந்த அழைப்புகளும் பில்லில் வரும். வரட்டும்.

மார்ச் 18, வியாழன்

கீப்பலைவ்!!

காலையில் முகம் கழுவும்போது தோன்றியது. டிசிபி இணைப்பில் பேச்சே இல்லாவிட்டால், எதிராளி உயிரோடு இருக்கிறாரா என்று எட்டிப்பார்க்கும் பாக்கெட்டுக்கு இயல்பான இடைவெளி இரண்டு மணி நேரம். அதற்குக் குறைவாக வைக்காதே என்று ஆர்எஃப்சி 1122 சொல்கிறது. யாரோ அக்கவுண்ட்ஸ் புரோகிராமைத் திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். கடைசியாக எந்த நிமிடத்தில் என்டர் தட்டினார்களோ, ராத்திரி முழுக்க அந்த நிமிடம். 5:52க்குத் தட்டினால் 7:52, 9:52, 11:52.

கிளைக்குப் போன் செய்து நேற்று மாலை யார் கடைசி என்று கேட்டேன். நான் நினைத்தவர்தான்.

மார்ச் 19, வெள்ளி

அக்கவுண்ட்ஸ் மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்தால் பாதி போட்ட வவுச்சர் எல்லாம் போய்விடுமாம். "உங்க பெட்டி தூங்கணும்னு நான் ஏன் தம்பி மறுபடி டைப் அடிக்கணும்?" நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை.

வடிகட்டலாம் என்றால் ரூட்டருக்குத் தெரிவது முகவரியும் போர்ட்டும்தான். அவர் வவுச்சர் போடுவதும் அதே போர்ட், உயிர் பார்க்கும் பாக்கெட்டும் அதே போர்ட். ராத்திரிக்கு ஐந்தாறு கால். விட்டுவிடலாமா? மேனேஜர் விடச் சொல்கிறார். பில் பாதிக்கு மேல் குறையும் என்பதிலேயே அவருக்குத் திருப்தி. எனக்கு இல்லை.

மார்ச் 23, செவ்வாய்

ஆள் வந்தார். லைனை அளந்தார். "காயில் இருக்கு சார், எடுக்கணும்." எப்போது? கையை மேலே காட்டினார்.

மார்ச் 25, வியாழன்

7:05, 9:05, 11:05.

மார்ச் 29, திங்கள்

காயிலை இன்னும் எடுக்கவில்லை.

மார்ச் 30, செவ்வாய்

காயிலை எடுத்துவிட்டார்கள்! மாலை நான்கு மணிக்கு லைன் வந்து முடியும் பெட்டியான என்டி1இல் பச்சை விளக்கு. லேயர் 1, அதாவது கம்பி இணைப்பு, ஆக்டிவ். புதுக் கட்டடத்தில் பெயின்ட் வாசனை தாங்கவில்லை, உட்கார நாற்காலி கிடையாது, சுவரோரம் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அதற்கு மேல் எக்ஸ்சேஞ்சோடு பேசும் லேயர் 2 வரவில்லை. ரூட்டர் தன்னை அடையாளம் காட்ட ஒரு டிஇஐ எண் கொடு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது, எக்ஸ்சேஞ்ச் வாயே திறக்கவில்லை. எக்ஸ்சேஞ்சின் ஸ்விட்ச் டைப் சரிதான். கேபிளையும் மாற்றிப் பார்த்தேன். போன் செய்தால் "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது." எத்தனை தடவை கேட்ட வாக்கியம்!

நாளைக் காலை ஒன்பது மணிக்கு லாரி.

ஆறே கால். இப்போது ஒன்று தோன்றுகிறது. பல கருவிகள் தொங்கும் லைனாகத் தராமல், அலுவலக உள் எக்ஸ்சேஞ்சான பிபிஎக்ஸுக்குக் கொடுப்பதைப்போல ஒரே கருவிக்கான லைனாகக் கொடுத்துவிட்டார்களோ? அப்படியானால் எக்ஸ்சேஞ்ச் எண்ணே கொடுக்காது, 0 என்று நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். டிஇஐ 0 போட்டு ரூட்டரை ரீபூட் செய்திருக்கிறேன்.