ஐஸ்லாந்தைச் சுற்ற வேண்டாம் என்று முடிவெடுத்த கதை

செப்டம்பர் நடுவில் ஐஸ்லாந்து போகிறோம், கார் எடுத்து நாமே ஓட்டுவதாக ஏற்பாடு. போக வர ஆகும் நாட்களைக் கழித்தால் கையில் முழுசாக ஏழு நாள்.

நான் முதலில் போட்டது எல்லாரும் போடுகிற திட்டம்தான். தீவைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சாலை, ரிங் ரோடு என்பார்களே அது, 1,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 190 சொச்சம், இதெல்லாம் ஒரு தூரமா என்று எக்செல்லில் முப்பத்து நாலு இடங்களை வரிசையாக அடுக்கிவிட்டேன். மனைவி தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல காரை விட்டு எறங்கறதுக்கு எங்க நேரம் வச்சிருக்கீங்க?" என்றாள். வைக்கவில்லை.

அங்கே தார்ச் சாலையிலேயே 90தான் உச்ச வேகம், ஜல்லிச் சாலையில் 80, ஊருக்குள் 50. அதையும் மேப் சொல்கிற நேரத்தில் யாராலும் ஓட்ட முடியாதாம், போய்வந்தவர்கள் எல்லாரும் சொல்வது இது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓரங்கட்டி வேடிக்கை பார்க்கத் தோன்றும், ஆடுகள் குறுக்கே வரும், காற்று தள்ளும். அதனால் வடக்கை அப்படியே வெட்டிவிட்டோம். அகுரேரி, மீவட்ன் ஏரி எல்லாம் போச்சு. தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து தெற்குக் கரையோரமாக வீக் என்ற ஊர் வரை சுமார் 190 கிலோமீட்டர், அங்கிருந்து பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரிக்கு இன்னொரு 190, அப்புறம் ஹாஃப்ன் என்ற துறைமுக ஊர், அதோடு திரும்பி வந்த வழியே வருகிறோம். பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறவர்கள் தாராளமாகச் சுற்றட்டும்.

வந்த வழியே திரும்புவது எனக்குக் குறையாகப் படவில்லை. இந்தச் சாலை ஒரு வட்டமாக முடிந்ததே 1974இல்தான். கடைசி வரை பாக்கி இருந்தது தெற்கில் ஸ்கஃப்தஃபெல் பக்கம் இருக்கும் கறுப்பு மணல்வெளி. வத்னயோகுல் பனிப்பாறையிலிருந்து இறங்கும் ஆறுகள் அதில் இஷ்டத்துக்குத் தடம் மாறி ஓடும், பாலம் எங்கே போடுவது? போட்ட பாலத்தையும் 1996இல் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பனிக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சாக வெளியே வந்த வெள்ளம் அது. முறுக்கிப் போட்ட இரும்பு உத்தரங்களைச் சாலையோரத்திலேயே நினைவுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். எந்த அருவியையும்விட அதைத்தான் பார்க்க ஆசை. வீட்டில் சொன்னால் "இரும்பைப் பாக்க அவ்ளோ தூரமா" என்பார்கள்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். எஃப் என்று தொடங்கும் மலைச் சாலைகளுக்கு நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி கட்டாயம். அந்தப் பக்கமே போகப்போவதில்லை என்பதால் சின்னக் கார் போதும் என்று விட்டேன், மிச்சமான காசு இன்ஷூரன்ஸுக்குப் போனது. ஜல்லி தெறித்தால் ஒன்று, மணற்புயல் பெயின்டை உரித்தால் ஒன்று என்று தனித்தனியாக விற்கிறார்கள். ஆனால் காற்றில் கதவு பிய்ந்தால் பெரும்பாலும் எதிலும் வராது. சிரிக்காதீர்கள், நண்பன் ஒருவனுக்கு நடந்தது. அருவிப் பக்கம் நிறுத்தி, ஃபோனைப் பார்த்தபடி ஒரு கையால் கதவைத் திறந்திருக்கிறான்; காற்று கதவைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிட்டது, கீல் வளைந்து கதவு மூடவே இல்லை, சீட் பெல்ட்டைக் கைப்பிடியில் கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டே அடுத்த ஊர் வரை போயிருக்கிறார்கள். காற்றைப் பார்த்து மூக்கை வைத்து நிறுத்து, இரண்டு கையாலும் கதவைப் பிடி என்பது அவன் உபதேசம்.

வலப்பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பயம் ரவுண்டானாதான், அங்கே இரண்டு தடம் இருந்தால் உள்தடத்தில் இருப்பவர் வெளியேற, வெளித்தடத்தில் இருப்பவர் வழிவிட வேண்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகிற அகலமுள்ள ஒற்றைத் தடப் பாலங்கள்: யார் முதலில் பாலத்தை நெருங்குகிறாரோ அவர் போகலாம், மற்றவர் காத்திருக்க வேண்டும். நம் ஊர் பழக்கத்தில் ஹெட்லைட்டை அடித்துக்கொண்டு நுழைந்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன். பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்பது அங்கே சட்டம்.

சாப்பாடு? சமையலறை உள்ள தங்குமிடமாகப் பார்த்துப் போட்டிருக்கிறோம், ஹோட்டல் விலை அப்படி. பன்றி படம் போட்ட போனஸ் கடையில் ரொட்டி, முட்டை, தயிர் மாதிரி கெட்டியாக ஸ்கிர், பெட்டியில் நாலு பொட்டலம் புளிக்காய்ச்சல். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாயில் வருவதே அருமையாக இருக்குமாம். வெந்நீர்தான் பல இடங்களில் அழுகிய முட்டை வாடை அடிக்கும், பூமிக்கடியிலிருந்து வருவதால்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். பஃபின் பறவை பார்க்கலாம் என்று போன வருஷமே மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகஸ்ட் கடைசிக்குள் அவை கரையை விட்டுக் கடலுக்குப் போய்விடும் என்பது டிக்கெட் போட்ட பிறகுதான் தெரிந்தது. இன்னும் சொல்லவில்லை.